பக்கத்தில் கிடந்த கை

ரத்தக்குழாய் அடைத்து, உடம்பின் இடதுபக்கத்தைத் தன்னுடையதென்று உணரும் மூளை செல்கள் செத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். தனக்குத் தானே கொடைவள்ளல் பட்டம் சூட்டிக்கொண்ட அரிசி ஆலை அதிபர் மாசிலாமணி அதை நம்பவில்லை. எவனோ ஒரு திருட்டுப்பயல் தன் கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருக்கிறான் என்றே அவருக்குப் பட்டது.

"நான் சோறு போட்டு வளர்த்தவன்தான் எவனோ துரோகம் பண்றான். என் வாட்சையே கட்டியிருக்கான் பாரு!"

"விடாதீங்க அத்தான்," என்றான் மைத்துனன் தனகோபால். "கைரேகை எடுத்துட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்."

பையிலிருந்து மை டப்பாவையும், ஆலையைத் தன் பெயருக்கு எழுதி டைப் அடித்திருந்த தானப் பத்திரத்தையும் எடுத்தான். அதிபரின் துவண்டு கிடந்த இடது கட்டைவிரலை மையில் தோய்த்தான்.

தனக்கென்று ஒருவனாவது இருக்கிறானே என்று அதிபருக்குக் கண் கலங்கியது.

"நல்லா அழுத்துடா தம்பி," என்றார். "தப்பிச்சிரப் போறான்."