மாரப்பனின் இதயம்

பூங்கோதை மொட்டை மாடியில் ஓடி முடித்து, மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தாள். அவள் மணிக்கட்டில், இதயத்துடிப்பை அளக்கும் கணவர் மாரப்பனின் பட்டை இருந்தது. ஆள் தினமும் ஓடுகிறார் என்று பட்டை சொன்னால்தான் சுவரிலிருக்கும் மருந்துப் பெட்டி மாத்திரை தரும். இப்போதெல்லாம் வேறெங்கும் மாத்திரை கிடைப்பதில்லை. நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு முட்டும், அவர் எங்கே ஓடுவது? போன ஆடியில் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டவள், தூங்கும்போதும் கழற்றவில்லை.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "வாழ்த்துகள், மாரப்பன். உங்கள் இதயம் முழுவதும் குணமாகிவிட்டது. இனி உங்களுக்கு மாத்திரை தேவையில்லை."

சோபாவில் மாரப்பன் இடது தோளை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அம்மிணி, மாத்திரை வந்துருச்சா?"

"வந்துருமுங்க. சித்த பொறுங்க."

பெட்டியைத் தட்டினாள். திறக்கவில்லை. ஏமாற்றியதற்குத் தண்டனை வந்தால் வரட்டும், அவருடைய நிஜமான துடிப்பை அது கேட்கட்டும் என்று பட்டையைக் கழற்றி, சில்லிட்டிருந்த அவர் கையில் கட்டினாள்.

விளக்கு சிவப்பானது.

"இது மாரப்பனின் இதயம் அல்ல. யாரோ பட்டையைத் திருடியிருக்கிறார்கள். பெட்டி பூட்டப்படுகிறது. மாரப்பன், நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?"

மாரப்பன் மெல்லத் தலையை நிமிர்த்திப் பூங்கோதையைப் பார்த்தார்.

"அது யாரைக் கேக்குது, அம்மிணி?"