அம்புப்புழு என்று எழுதியவர்

வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. காலையிலிருந்து கடல் ஆய்வுக்கூடத்தின் இருநூறு மாதிரிப் புட்டிகளைக் கழுவியிருந்தாள். மருந்துத் தண்ணீர் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"உட்காருங்கக்கா. அண்ணன் விஷயம்தான்," என்று ஆய்வாளர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் கணவர் இறந்து நாலு மாதம். அதே ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம், கடல்நீரில் மிதக்கும் பொடிப் பூச்சிகளை இனம் பிரித்தவர். அவர் இனம் குறித்துக் கொடுத்த படங்களை வைத்துத்தான், தானே இனம் பிரிக்கும்படி இயந்திரத்துக்குப் பாடம் நடந்தது.

"ரெண்டும் கண்ணாடி இழை மாதிரிதான் இருக்கும். கறுப்பா கண் இருந்தா மீன்குஞ்சு, இல்லன்னா அம்புப்புழு. மெஷின் எல்லாத்தையும் அம்புப்புழுங்குது. கடல்ல குஞ்சே இல்லைன்னு அறிக்கை போயிடுச்சு."

"மெஷினைத் திருத்துங்க மேடம்."

"அது என்ன பண்ணும்? அண்ணன் சொன்னதைத்தான் ஒப்பிக்குது. கடைசி அஞ்சு மாசம் வீட்ல வச்சுப் பிரிச்சது பதினோராயிரம் படம். அத்தனையும் அம்புப்புழு! அவர் பேரையே அறிக்கையிலேர்ந்து எடுக்கச் சொல்லிட்டாங்க."

வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் தலையை நீட்டினார். "அவனா? ஒரு பூச்சி மாறினா அவனுக்குச் சோறு இறங்காதே! கடைசியில பொண்டாட்டி மயக்கம், மேடம். படம் வாங்க வர்றப்ப பஸ்ஸ விட்டு இறங்கினதும் இவ கையைப் புடிச்சான்னா விடமாட்டான். புது மாப்பிள்ளை தோத்தான்!"

அவள் சிரிக்கவில்லை. திரையில் ஒரு மீன்குஞ்சு. கடுகு அளவில் கறுப்புக் கண், யாருக்கும் தெரிகிற மாதிரி.

"பேரை எடுக்காதீங்க. தப்பு அவர்து இல்ல."

"பின்ன யாரோடது?"

"அவருக்குப் பார்வை போயிடுச்சு மேடம். வேலை போயிடும்னு மறைச்சோம். ஒவ்வொரு படத்துக்கும் 'கண் இருக்கா'ன்னு என்னைத்தான் கேப்பாரு. நான் சொல்றதுக்கு ஏத்த பொத்தானைத் தடவி அழுத்துவாரு."

ஆய்வாளர் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"புட்டி கழுவிட்டுப் போன அசதி. சீக்கிரம் முடிஞ்சா படுக்கலாம்னு, பார்க்காமலே எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னேன். 'இந்த வருஷம் குஞ்சே இல்லையேடி, கடல் செத்துப்போச்சா'ன்னு புலம்பிக்கிட்டே போய்ச் சேர்ந்தாரு."

வெடித்த விரல்களைப் புடவையில் துடைத்தாள்.

"அவர்கிட்ட ஒரு மன்னிப்பு பாக்கி வச்சுட்டேன், மேடம்."