பதினேழு

வெளிநாட்டுக் கால்பந்து கிளப்பில் இருந்த இரண்டு சீசனும் தனசீலன் ஆட்டத்தைவிடப் பலகையைத்தான் அதிகம் பார்த்தான். மைதானத்துக்குள் போகவேண்டியவரின் எண்ணைப் பச்சை விளக்கில் காட்டுகிற பலகை. அதில் அவனுடைய எண்ணான பதினேழு ஒருநாளும் எரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால்சட்டைதான் தேய்ந்தது. பூட்ஸ் புத்தம்புதிதாகவே இருந்தது. போதும் என்று சொந்த ஊர் லீக்குக்குத் திரும்பிவிட்டான். முதல் மேட்ச், எழுபது நிமிடம் ஓடியாகிவிட்டது, ஒன்றுக்கு ஒன்று. கார்னர் அடிக்கப் போனவன் தற்செயலாகத் திரும்பினான். கோட்டோரத்தில் பதினேழு உயர்ந்திருந்தது. வெளியே வரச்சொல்லி. இங்கே விளக்கெல்லாம் கிடையாது. தகரத்தில் சிவப்பு பெயின்ட், உள்ளே வரப்போகிறவனே அதைத் தூக்கிப்பிடிக்க வேண்டும். ரூபன் பிடித்திருந்தான்.

"சீலா, வெளிய வாடா! காலு வீங்கிப்போச்சு பாரு!" என்று கத்தினார் கோச்.

"இன்னும் ஓடுவேன் கோச்!"

"ஓடுனது போதும், வந்து உக்காரு!"

அந்தக் கடைசிச் சொல் அவனைச் சுட்டது. ரூபனின் பூட்ஸைப் பார்த்தான். அதில் ஒரு பொட்டு மண் இல்லை. அந்தப் பூட்ஸை அவனுக்குத் தெரியும்.

"இத ஒண்ண அடிச்சிட்டு வந்துர்றேன், மச்சான்."

ரூபன் தகரத்தை உயர்த்தியபடியே நின்றான். தனசீலன் பந்தை மூலையில் வைத்து, முதுகைக் காட்டி நின்றான். திரும்பிப் பார்ப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான். பின்னால் தகரம் தரையில் படும் ஓசை கேட்டது. வீங்கிய காலை ஓங்கினான்.