மூன்று தட்டு

இப்போதெல்லாம் யாரும் யாரையும் நம்புவதில்லை. பென்ஷன் வாங்க, உயிரோடு இருக்கிறேன் என்பதற்கே வருஷத்துக்கு ஒரு தடவை போய் மூஞ்சியைக் காட்டிக் கைநாட்டு வைக்க வேண்டியிருக்கிறது. எதிரே நிற்கிற ஆளைப் பார்த்து, சான்று எங்கே என்கிறான்.

என் வீட்டுக்கு வந்த போதகரும் அதைத்தான் கேட்டார்.

என் பெண்டாட்டி இரும்புக் கட்டிலில் கிடந்தாள். பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய நாற்பது வருஷ ஆசை. நாற்பது வருஷமாகக் குறுக்கே நின்றவன் நான். சர்ச்சுக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞானஸ்நானமெல்லாம் என் தலை சாய்ந்த பிறகு வைத்துக்கொள் என்றிருந்தேன். கல்லுளிமங்கி, காத்திருந்தாள்.

டாக்டர் கைவிரித்த அன்று நானே போய்ப் போதகரைக் கூட்டி வந்தேன். சின்ன வயசுக்காரர்.

"அம்மா, இயேசுவை விசுவாசிக்கிறீங்களா?" என்று குனிந்து கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

ஆள் விவரமானவர். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்றார். அதற்கும் ஆட்டினாள். அன்று செவ்வாய்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. விசுவாச அறிக்கைதான் இதுக்கு அஸ்திவாரம். அது அவங்களுக்குள்ள இருந்து வரணும். இப்ப நான் தண்ணி ஊத்தினா, அது உங்க ஆசைக்கு ஊத்துனதா ஆயிடும்."

"என் ஆசையா? எனக்கு இதுல ஒரு மண்ணும் கிடையாது, தம்பி."

"அப்பா, கொஞ்ச நேரம் சும்மா இருங்கப்பா" என்றாள் மகள்.

ஐம்பது வருஷம் கொத்து வேலை பார்த்த மேஸ்திரிக்கு அஸ்திவாரத்தைப் பற்றிப் பாடம். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மண்டையை மண்டையை ஆட்டுவதை நானும் நம்பவில்லை.

கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். "இந்தா, நல்லாக் கேட்டுக்க" என்று ஆரம்பித்தேன்.

தினம் விடியலில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அவள் சொல்கிற விசுவாசப் பிரமாணம். நான் படித்ததில்லை. காது என்ன கதவா, சாத்தி வைக்க?

வானத்தையும் பூமியையும் படைத்தவரில் தொடங்கினேன். மகனுக்கு வந்தேன். கன்னியிடம் பிறந்தார், பாடுபட்டார், சிலுவையில் அறைந்தார்கள், செத்தார், அடக்கம் செய்தார்கள். அங்கிருந்து நேராகப் பரலோகத்துக்கு ஏற்றிவிட்டேன்.

டங்.

ஈ உட்கார்ந்தால்கூட ஓட்டாத இடது கை. விரல் முட்டியால் கட்டில் சட்டத்தில் அடித்திருந்தாள்.

காது கேட்காதவன் போல, பரலோகத்துக்கு ஏறினார் என்று மறுபடியும் சொன்னேன்.

டங். டங். டங்.

அவசரமே இல்லை. ஒவ்வொன்றாக, மூன்று. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி முறைத்ததில்லை. எரித்துவிடுவாள் போலிருந்தது.

"மூணாம் நாள்" என்றார் போதகர். "ஐயா, மூணாம் நாள் எழுந்ததை விட்டுட்டீங்க. அதைத்தான் சொல்றாங்க."

"சரி. மூணாம் நாள் எழுந்தார்" என்றேன்.

கை அடங்கியது. மிச்சத்தைக் கடைசி வரை சொன்னேன். ஒரு தட்டும் இல்லை.

போதகர் தண்ணீர் கேட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நானே குடத்திலிருந்து செம்பில் மொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஒரு வரிதானே மறந்தீங்க. மத்தது அத்தனையும் சரியாச் சொல்றீங்க. நீங்களும் பக்கத்துல நில்லுங்களேன், ஐயா."

"சொன்னது அவ. நான் வாயை இரவல் குடுத்தேன், அவ்வளவுதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. செத்தவன் எழுந்தான் என்பதை நான் நேற்றும் நம்பவில்லை, நாளைக்கும் நம்பப்போவதில்லை.

வேலைக்குப் போன காலத்தில் பூசி முடித்த சுவர் ஒவ்வொன்றையும் கொத்துக்கரண்டிப் பிடியால் தட்டிப் பார்ப்பேன். உள்ளே பிடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சத்தம் சொல்லிவிடும். தட்டாமல் ஒரு சுவரையும் ஒப்படைத்ததில்லை.

கிழவன் வரியை மறந்துவிட்டான் என்று அந்தத் தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நினைத்துக்கொள்ளட்டும்.