பரண்மேல் இருந்த பெட்டி

மகள் பிறந்தபோது மச்சான் வாங்கித் தந்த, காரில் மாட்டும் குழந்தை சீட் மூன்று வருடமாகப் பரண்மேல் கிடந்தது. பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. “ரெண்டு தெருதானே, மடியில உட்காரட்டும்” என்று மனைவியின் வாயை அடைத்துவிடுவேன்.

நேற்று திடீரென்று பிரேக் போட்டேன். மகளின் நெற்றியில் நாலு தையல். “கார்ல குழந்தை சீட் இல்லையா?” என்று டாக்டர் கேட்டார். “வாங்கணும் சார்” என்றேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை.

இன்று காலை பெட்டியை இறக்கி, கடையில் ஒட்டிய டேப்பை அறுத்தேன். உள்ளே சீட் பெல்ட், மகளின் தோள் உயரத்துக்குச் சரியாக, பூட்டியே இருந்தது. மெத்தை மடிப்பில் பிஸ்கட் தூள். தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது.

மகள் காலி சீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இந்தப் பாப்பாவுக்கு அடிபடலப்பா.”