பூசைக்கு வைத்த கேஜ்

வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஒரு தீற்றல்.

சந்தனம் என்றுதான் அவள் நினைத்தாள். வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. அன்றைக்கு இந்த ஆக்சிஜன் கம்பெனியில் சந்தனம் குங்குமம் வாங்காத பொருள் என்று எதுவும் இல்லை. வாட்ச்மேன் விசில்கூட வாங்கிக்கொண்டது.

துணியை மடித்து மறுபடி துடைத்தாள்.

அளவு சரிபார்க்க, காலிபரேஷனுக்குச் சென்னைக்குப் போகிற மாஸ்டர் கேஜ். கம்பெனியில் அழுத்தம் காட்டுகிற மற்ற பிரஷர் கேஜெல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று இதை வைத்துத்தான் பார்ப்பார்கள். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியிலுள்ள மரையைத் துடைத்து, வாய்க்கு மூடி போட்டு, ஸ்பாஞ்சு வெட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். லேசாகத் தட்டினாலே கோபித்துக்கொள்கிற சாமான். தன்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டாள்.

மரை வழுக்கியது.

சந்தனம் வழுக்காதே.

விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

தேங்காய் எண்ணெய்.

கேஜின் முகத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது, எண்ணெய் கூடாது என்று. சும்மா போட்டதில்லை. அழுத்தி அடைத்த ஆக்சிஜன் பாய்கிற இடத்தில் துளி எண்ணெய் இருந்தால் போதும். தீக்குச்சி கிழிக்க வேண்டாம். அதுவே பற்றிக்கொண்டு வெடிக்கும்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. ஸ்டோர் பார்க்கிற கண்ணாயிரம் அண்ணன் பூசைக்கு வேண்டும் என்று கேஜ்களைக் கேட்டார். நல்ல மனிதர். பாதி ஆயுளை ரைஸ் மில்லில் கழித்துவிட்டு இங்கே வந்தவர். எண்ணெய் போட்டுத் துடைக்காத இரும்பை அவர் சாமி முன்னால் வைத்ததே இல்லை. பொரி, கடலைக்குப் பக்கத்தில் அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அவளும் பார்த்தாள். விளக்குக்கு என்று நினைத்தாள். பாவம், நல்லெண்ணெய் தீர்ந்துபோயிருக்கும் என்றுகூட நினைத்தாள்.

கேஜ்கள்.

ஒன்றில்லை. இரண்டு கொடுத்தாள்.

இன்னொன்று இப்போது இங்கே இல்லை.

லீவு முடிந்து இன்றைக்குத்தான் கம்பெனி திறந்தது. ஃபில்லிங் லைனில் இருந்த கேஜில் முள் தடுமாறுகிறது, வேறு ஒன்று கொடு என்று காலையில் தணிகைவேல் வந்து நின்றான். அவள் கணவன்தான். சிலிண்டரில் ஆக்சிஜன் அடைக்கிறவன். மாஸ்டர் கேஜைக் கேட்காதீர்கள் என்று முதலில் முறைத்தாள். பிறகு, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று பூசைக்குப் போய்வந்த ஜோடியில் ஒன்றை எடுத்து நீட்டினாள். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி அடித்தது.

வால்வைத் திறக்கும் முன்னால் அவன் அடிக்கிற மணி. யாரும் கிட்டே வராதீர்கள் என்று அர்த்தம்.

ஃபில்லிங் ஷெட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கூப்பிட்டால் கேட்காது, பம்ப் சத்தம் பேயாய் இரையும். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கால் மட்டும் ஓடியது. எங்கே ஓடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தாழ்வாரக் கோடியில் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் பம்ப் நிற்கும். மொத்தக் கம்பெனியும் நிற்கும். மேனேஜர் தவிர யாரும் தொடக் கூடாது.

உள்ளங்கையால் அறைந்தாள்.

இரைச்சல் இறங்கியது. இறங்கி, நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. அவள் சுவரோடு சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெடிக்கப் போகிறது என்றால் இப்போதுதான். முருகா, முருகா என்று உதடு தானாக முனகியது. அவன் காலையில் மிச்சம் வைத்துவிட்டு வந்த இட்லிகூட நினைவுக்கு வந்தது.

ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு வசவு கேட்டது.

எந்த மடையன் அமுக்கியது, அவன் கையை உடைக்கிறேன் என்று தணிகைவேல் கத்திக்கொண்டே வந்தான். போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் வாயிலிருந்து இத்தனை இனிப்பாக எதுவும் வந்ததில்லை.

அவள் விரலை நீட்டினாள்.

அவன் குனிந்து முகர்ந்தான். கோபம் முகத்திலிருந்து அப்படியே வடிந்தது. பாதி வால்வு திறந்த கையை அவனே பார்த்துக்கொண்டு நின்றான்.

கண்ணாயிரம் அண்ணன், பூசை என்று இரண்டு வார்த்தை எப்படியோ சொல்லிவிட்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. போய்க் கேஜைக் கழற்றுங்கள் என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. ஆபத்து தலைக்கு வந்து தலைப்பாகையோடு போன மாதிரி ஓர் அழுகை.

தணிகைவேல் நகரவில்லை. லோடு ஏற்றுகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மனுசன் கேஜ மட்டுமா தொடச்சாரு?" என்றான்.

அவள் அழுகை நின்றது.

வெள்ளிக்கிழமை அங்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பித்தளை வால்வு பளபளவென்று மின்னியது. புதுப்பெண் மாதிரி இருக்குது அண்ணா என்று அவளே அவரைப் பாராட்டினாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

இப்போது அங்கே ஒரு சிலிண்டரும் இல்லை. லாரி நின்ற இடத்தில், சக்கரம் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. அவற்றின் ஈரம் இன்னும் காயவில்லை.