மேலே பாருங்கள்

அவர் கால் மாற்றி மாற்றி நின்றார்.

அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி, ஊர் பார்க்க வந்தவர்களுக்கு அடுத்த பழைய வீட்டின் கதையை ஆரம்பித்தாள்.

நிற்கட்டும்.

எஸ்டோனியாவின் தலைநகரம் தாலின், நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர். துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பழைய நகரத்தின் வாசல் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் கல் பாவிய தெருக்களும் ஏற்றங்களும். வயதானவர்கள் இருந்தால் அவள் சுற்றுவழியில் மெதுவாகத்தான் அழைத்துப் போவாள்.

இன்று படிக்கட்டு வழியாக ஏற்றினாள்.

இருபத்து மூன்று பேர். ஈரோடு, கோபி, பவானிப் பக்கத்து ஆட்கள். தமிழிலேயே சொல்ல ஒரு பெண் இருக்கிறாள் என்றதும் குஷியாகச் சுற்றுலாக் கப்பலை விட்டு இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவர் காதிலும் ஒரு சின்னக் கருவி. அவள் காலரில் மைக். அவள் பெருமூச்சு விட்டால்கூட இருபத்து மூன்று பேருக்கும் கேட்கும்.

அவருக்கும் கேட்கும்.

நேற்றே பட்டியலில் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டாள். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரட்டும், மூன்று மணி நேரம் என் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு அலையட்டும் என்று இருந்துவிட்டாள்.

கருவியைக் கொடுத்தபோது அவர் கை நீட்டவில்லை. பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடைக்காரரிடம் கண்ணைக் காட்டினார். கடைக்காரர்தான் வாங்கிக் கொடுத்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், பிடித்தவனை மணந்துகொண்டு அவள் ஊரை விட்டுக் கிளம்பிய மறுநாள், பவானி பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் அவள் படம். கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு, இரண்டுக்கும் தேதி. ஆறாத் துயரில் தந்தை என்று கீழே அவர் பெயர்.

அவள் பெயருக்கு முன்னால் செல்வி என்று போட்டிருந்தார்.

அம்மா இல்லாத பெண்ணைத் தனி ஆளாக வளர்த்தவர். அச்சகத்தில் உட்கார்ந்து அவரே பிழை திருத்திக் கொடுத்தாராம். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

முதலில் அவர் பேசட்டும். ஒரு வார்த்தை. அதுவரை அவருக்கென்று தன் வாயிலிருந்து ஒன்றும் வராது. காலையிலிருந்து அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது அந்த வைராக்கியம்தான். அவருக்கும் அதேதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அரை மணிக்கு முன் ஒரு காபிக் கடை வாசலில், "பாத்ரூம் போறவங்க போய்ட்டு வந்துருங்க" என்றாள். எல்லோரும் போனார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றார். அவள் காட்டிய கதவுக்குள் அவர் போவாரா?

சர்க்கரைக்காரர் வேறு. கடற்காற்று வேறு.

இப்போது சதுக்கத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டு நெளிந்தார். ஜவுளிக்கடைக்காரருக்கே பொறுக்கவில்லை.

"அம்மிணி, பெரியவருக்கு ஒண்ணுக்குப் போகோணுமாட்ட இருக்குது. எங்கீன்னு சொல்றீங்களா?"

பக்கத்துச் சந்தில்தான் இருந்தது. அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க, அவருக்கு வாயில்லீங்களா? அவரையே கேக்கச் சொல்லுங்க."

மைக்கில்தான் சொன்னாள். இருபத்து மூன்று காதிலும் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் முகம் சுருங்கி நகர்ந்துகொண்டார்.

அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக.

வாய் திறந்தது.

கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். எங்கே என்று கேட்டால் போதும்.

வாய் மூடிக்கொண்டது. முதுகை நிமிர்த்தி விறைப்பாக நின்றார்.

பிறகு அவருடைய சந்தனக் கலர் பேண்ட்டில், தொடையிலிருந்து கீழாக, ஒரு கறுப்புக் கோடு இறங்கியது.

அவர் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கின. யாரும் இன்னும் கவனிக்கவில்லை. முன்னால் நின்ற பச்சைச் சேலைக்கார அம்மா எதற்கோ பின்னால் திரும்பத் தொடங்கினாள்.

"எல்லாரும் மேலே பாருங்க!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. தலைகள் உயர்ந்தன.

"அந்தக் கோபுரத்து உச்சி. காத்துக்குத் திரும்புற தகரச் சேவல் தெரியுதுங்களா? அது திரும்பறப்பப் பாக்கறவங்க நெனச்சது நடக்குமாமுங்க. யாரும் கண்ணை எடுத்தராதீங்க."

அப்படி ஒரு கதையே கிடையாது. அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். செல்போன்கள் உயர்ந்தன. பச்சைச் சேலைக்கார அம்மா கைகூப்பிக்கொண்டாள்.

"அந்தக் காலத்துல இங்க ஒரு காவக்காரன் இருந்தானுங்க. யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டான். அத்தனை வீம்பு. அவன் எறங்கிப் போற வழி இடது பக்கத்துச் சந்து. பதினோரு படி. இரும்புக் கதவு. உள்ள தாழ்ப்பாள் இருக்குது. வெந்நீர் வரும். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் வந்து தட்ட மாட்டாங்க."

அது அவருக்குச் சொன்னது. அவளே முதலில் பேசிவிட்டாள்.

கோபம் கொஞ்சமும் குறையவில்லை. இந்த நிமிஷமும் அந்த மனிதரை அவளால் மன்னிக்க முடியாது. இத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் அப்படி நிற்பதைத் தாங்கவும் முடியவில்லை.

தானும் அண்ணாந்து சேவலையே பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் அவர் நகரும் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, அந்தக் காவல்காரனுக்கு ஒரு மனைவியையும் ஒரு நாயையும் கொடுத்துக் கதையை இழுத்தாள்.

"அம்மிணி, கழுத்து வலிக்குதே" என்றாள் பச்சைச் சேலைக்கார அம்மா. "அது திரும்பவே காணோமே."

"இன்னும் கொஞ்ச நேரமுங்க."

கண்ணில் நிறைந்ததைத் துடைக்கக்கூட அவள் தலையை இறக்கவில்லை.

"யாரும் கீழ பாக்காதீங்க."